கதவில் எழுதியிருப்பது

இடப்பக்கக் கதவுக்குக் கீழே
மஞ்சள் பெயின்டில் மூன்று வரி:
முதலாளியின் பெயர்,
வண்டியின் வெற்று எடை,
ஏற்றக்கூடிய பாரம்.
வண்டி கழுவும்போது அந்த இடத்தை மட்டும்
நான் அழுத்தித் தேய்ப்பதில்லை.
மூவாயிரத்தின் கடைசிச் சைபர்
ஏற்கனவே மங்கிக்கொண்டு வருகிறது.

கந்தப்பளையில் மாலை ஐந்துக்குக்
கோவா ஏறியது, கரட் ஏறியது.
லீக்ஸ் கட்டுகள் ஈரத்தோடு ஏறின.
ஈரமும் எடைதான்,
அதை யாரும் பில்லில் போடுவதில்லை.

"இன்னும் ஆறு மூட்டை கிடக்கு,
ஒரு மூலையில போட்டுக்கோ.
இடம் இருக்குத்தானே?"
என்றார் தென்னக்கோன் முதலாளி.

இடம் இருக்கிறது முதலாளி.
இடம் எப்போதும் இருக்கும்.
றம்பொடை இறக்கத்தில்
பிரேக்குக்குத்தான் இருக்காது.

அவர் பதில் சொல்லாமல் போனைப் பார்த்தார்.
ஆறு மூட்டையும் மழையில் நின்று
பக்கக் கண்ணாடியில் சிறுத்துப் போயின.

அதற்கு முன்பே
லோகிதன் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டியிருந்தான்.
ஐந்து ஒரே சத்தம்.
பின்பக்க உள்டயர் ஒன்று மட்டும்
நனைந்த சாக்கை அடித்ததுபோல.
அதற்கு அரைமணி போனது.
தார்ப்பாய்க் கயிற்றுக்குக் கால்மணி.
பிரேக் லைட் ஒன்று எரியவில்லை,
பல்பு வாங்கக் கடை திறக்கவைத்தோம்.

லபுக்கலை தாண்டினால்
தோட்டத்துக்குள் ஒரு குறுக்குப் பாதை,
ஆறு கிலோமீற்றர் மிச்சம்.
வாய்க்காலோரம் தகரப் பலகை:
பார வாகனங்களுக்குத் தடை.
பலகையில் யாரோ கல்லெறிந்து பழகியிருக்கிறார்கள்.
எழுத்துகளில் ஓட்டை.
ஆனாலும் வாசிக்க முடிகிறது.

இறக்கம் முழுக்க இரண்டாவது கியர்.
பின்னால் ஒரு வேன் ஹோர்ன் அடித்து
என் அப்பாவரைக்கும் விசாரித்தது.
ஏறி வருகிறவனுக்குத்தான் முதல் வழி
என்று ஒதுங்கி நின்றபோது
பள்ளத்தில் அருவிச் சத்தம் மட்டும்.
பனிக்குள் எதுவும் தெரியவில்லை.

புசல்லாவையில் டோர்ச் வெளிச்சம்.
சார்ஜன்ட் மூட்டைகளை உதட்டால் எண்ணினார்.
கதவின் மூன்று வரியை
ஒரு விரலால் தொட்டுப் படித்தார்.
வருமானப் பத்திரம், காப்புறுதி, புகைச் சான்று.
முன்பெல்லாம் லைசன் உறைக்குள்
ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று மடிந்திருக்கும்,
நானே மடித்து வைத்ததுதான்.
இப்போது லைசன் உறைக்குள்
லைசன் இருக்கிறது.
"யன்ன" என்றார்.
இந்த ஒரு சொல்லுக்காக
எத்தனை காகிதம், எத்தனை வரிசை.

கம்பளையில் நிறுத்தினேன்.
மகளின் கணக்குக் கொப்பியில், அவள் எழுதாமல் விட்ட
கட்டங்களில் என் மணிகள் இருக்கின்றன.
காலையில் உரம் கொண்டுபோனது, காத்திருந்தது,
இறங்கியது என்று கூட்டிப் பார்த்தேன்.
கூட்டல் சொன்னது: தூங்கு.
லோகிதன் சில்லுக்குக் கட்டை வைத்தான்.
சீட்டைச் சாய்க்க முடியாது,
முழங்காலை மடித்துத்தான் தூக்கம்.

தம்புள்ளையில் விலை இறங்கியிருந்தது.
கோவா கிலோவுக்குப் பதினெட்டு ரூபாய் குறைவு.
முதலாளி போனில் கத்தவில்லை.
கத்தாமல் கணக்குச் சொன்னார்,
அதுதான் மோசம்.
மாதக் கடைசியில் அந்தக் கணக்கு
என் சம்பளத்துக்குள் எந்த வழியாக வரும் என்று
எனக்குத் தெரியும்.

வெறும் வண்டியோடு ஏறினோம்.
இரவில் ஒதுங்கி நின்ற அதே வளைவில்
கொழுந்துச் சாக்கோடு எட்டுப் பெண்கள்,
பாதி ரோட்டில், ஏதோ சிரித்துக்கொண்டு.
பள்ளம் பகலில் இவ்வளவு ஆழமா
என்று லோகிதன் எட்டிப் பார்த்தான்.
அவர்கள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்கவேண்டிய தேவை வரவில்லை.

கராஜில் மஞ்சள் பெயின்ட் டப்பா இருந்தது.
லோகிதன் தூரிகையை நனைத்து
மங்கிய சைபருக்குமுன் குந்தினான்.

பழையதன் மேலேயே போடு தம்பி.
பக்கத்தில் இன்னொன்று
போட்டுவிடாதே.